எல்லாரும் இறங்க, நாங்கள் ஏறிய தீபாவளி

மலைப்பாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்? மறுநாள் தீபாவளி. ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போயிருந்த சனமெல்லாம் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகப் அடிவாரத்தில் எங்கள் ஊரான போடியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் அதிரசத் தூக்கோடும் நல்லெண்ணெய்ப் போத்தலோடும் மேலே ஏறிக்கொண்டிருந்தோம்.

முன்னால் அய்யா, கையில் கம்போடு. நடுவில் நான். எனக்குப் பின்னால் ஆத்தா. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். காலையில் பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது. அட்டை ஏறாமல் இருக்க, புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசியிருந்தோம். அந்தக் காரவாடை இன்றைக்கு எங்கே அடித்தாலும் எனக்குத் தீபாவளி வந்துவிடும்.

ஒவ்வொரு வளைவிலும் ஆத்தா நின்று கீழே பார்த்தாள்.

"என்னத்த இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குற? எதையும் விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் அய்யா.

"ஆமா. ஒரு மகள விட்டுட்டு வந்திருக்கேன்."

அய்யா மறுபடியும் மலையைப் பார்த்துத் திரும்பினார். கம்பை ஊன்றி ஏறினார்.

அந்த வருஷம் ஆனியில்தான் என் அக்கா பவுன்தாயைத் தேவாரம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆகவே அது அவளுக்குத் தலைதீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி, விருந்து சாப்பிடவேண்டும். எங்களுக்கோ தீபாவளியென்றால் வீடு மலையில்தான். "நான் மட்டும் போறேன், நீங்க கீழ இருந்து பிள்ளைகளுக்குச் செய்யிங்க" என்று அய்யா சொல்லிப் பார்த்தார். ஆத்தா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. "நாங்க தோட்டத்துலதான் இருப்போம், பிள்ளைகள அங்க அனுப்பி வைங்க" என்று தேவாரத்துக்கு ஆள்விட்டுச் சொன்னாள்.

பதிலே வரவில்லை. மாப்பிள்ளை மலையேறி வருவாரா? அல்லது, 'பட்டாசுக்குப் பயந்து ஓடுகிற வீட்டில் என்ன தலைதீபாவளி' என்று அக்காவை அங்கேயே நிறுத்திவிடுவார்களா? ஆத்தா வளைவுக்கு வளைவு நின்று தேடியது அந்தப் பதிலைத்தான்.

போடிமெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன் எங்களைக் கண்டதும் சிரித்தார். "எந்தா பட்டாளம், இக்கொல்லவும் மேலோட்டோ?" இந்த வருஷமும் மேலேதானா என்று கேட்கிறார். வருஷா வருஷம் அதே கேள்வி. "ஆமா சேட்டா, கீழ ஒரே கூட்டம்" என்பது அய்யாவின் பதில். அதுவும் வருஷா வருஷம் அதேதான்.

கிணற்றில் விழுந்த வாளி

போன வாரம் இந்தப் பத்தியில் ஆத்தாவின் பலகாரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "தின்றதையெல்லாம் எழுதிவிட்டீர்கள், வெடித்ததைப் பற்றி ஒரு வரி இல்லையே, உங்கள் வீட்டில் அவ்வளவு கஞ்சமா?" என்று கேட்டிருக்கிறார். கஞ்சமெல்லாம் இல்லை தாயே. எங்கள் வீட்டில் வெடியை விடுங்கள், ஒரு குடம்கூடச் சத்தமாகக் கீழே விழாது.

பித்தளைப் பாத்திரங்களை ஆத்தா சாக்கை விரித்துத்தான் அடுக்குவாள். காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க நிலையில் பழைய துணியை வைத்து ஆணியடித்திருந்தாள். கோயில் கொடையோ கல்யாண ஊர்வலமோ, தெருவில் எப்போது வேட்டுப் போடுவார்கள் என்று பூசாரிக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு அய்யாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு சோலி தயாராக இருக்கும். "தோட்டத்துக் கெணத்துல வாளி விழுந்துருச்சு, வெரசாப் போயி எடுத்துட்டு வாங்க" என்பாள். பண்டிகை தவறாமல் கிணற்றில் விழுந்த வாளி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அய்யாவின் பெயர் காமாட்சி. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர். முறுக்கு மீசையும் காக்கிக் கால்சட்டையுமாக அவர் தெருவில் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்டவர் ஓலைவெடிச் சத்தத்துக்குத் தரையில் விழுவார் என்று தெரிந்தால்? பட்டாளத்தார் என்று கூப்பிட்ட வாய் 'வெடிக்குப் பயந்த பட்டாளம்' என்று கூப்பிட எவ்வளவு நேரமாகும்? வீட்டில் வயசுக்கு வந்த பெண் வேறு இருந்தாள். கிறுக்குப் பிடித்தவர் வீடு என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அப்புறம் பெண் கேட்டு எவரும் வாசல் ஏறமாட்டார்கள். அதனால் ஆத்தா மூச்சுவிடவில்லை. எங்களையும் விடவிடவில்லை.

அய்யாவுக்கு வேலை ஏலத்தோட்டத்து ஸ்டோரில். பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். தீபாவளிக்கு ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டால் தோட்டத்துக்குக் காவல் வேண்டுமே. "நான் இருக்கேன் முதலாளி" என்று அய்யா முன்வந்ததில் முதலாளிக்குப் பரம சந்தோஷம். பட்டாளத்து ஆள் என்று ஒரு துப்பாக்கியைக்கூட நீட்டினாராம். "கம்பு போதும் முதலாளி" என்று அய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். இப்படித்தான் தீபாவளிக்கு மலையேறுகிற வழக்கம் எங்களுக்கு வந்தது.

அய்யா என்மேல் விழுந்த நாள்

சண்டையைப் பற்றி அய்யா அதிகம் சொன்னதில்லை. கூட இருந்த ஒரு வடநாட்டுக்காரரிடம் சப்பாத்தி சுடக் கற்றுக்கொண்டதைச் சொல்வார். அதை வீட்டில் சுட்டும் காட்டுவார். செருப்பு அறுந்தால் அதை வைத்துத் தைக்கலாம். ஆனாலும் அதைச் சாப்பிட நானும் அக்காவும் அடித்துக்கொள்வோம். அவர் சுட்டுத் தந்தார் என்பதே எங்களுக்கு ருசியாக இருந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் மலையடிவாரத்தில் முந்தல் பக்கம் அவரோடு நடந்து வந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. அடுத்த நொடி நான் மண்ணில் கிடந்தேன், என்மேல் அய்யா கிடந்தார். மூச்சு முட்டியது. பீடியும் வேர்வையும் ஸ்டோர்ப் புகையும் கலந்த வாடை. அவர் நெஞ்சு என் முதுகில் திடும் திடுமென்று அடித்தது. பிறகு எழுந்து, என் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்றார்.

எல்லார் வீட்டு அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். "ஒங்க அய்யா ஒம்மேல விழுவாரா?" என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டேன். "எங்க அய்யா குடிச்சாத்தான் விழுவாரு" என்றாள் அவள்.

தேவாரத்தில் கை நனைக்கப் போனது

ஆனிக் கல்யாணத்துக்கு முந்தின மாதம், வைகாசியில் அக்காவைக் கேட்டு வந்தார்கள். வந்தவர் சடையாண்டி மாமா. தேவாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டி வாழையும் சோளமும் போட்டிருந்த சம்சாரி. ஒரே மகன் முருகேசன்தான் மாப்பிள்ளை. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அடுத்து நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்த்து, வெற்றிலை மாற்றி, கை நனைக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வெற்றிலை மாற்றாமல் சம்பந்தி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். மாற்றிவிட்டு, இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு இரண்டு பக்கத்தாரும் மாறக்கூடாது.

சம்பந்தி வருகிற வண்டி ஊருக்குள் நுழையும்போது அதிர்வேட்டுப் போட்டு அழைப்பது அவர்கள் வீட்டுப் பெருமை. ஆத்தா அதற்கும் ஒரு வாளியைக் கிணற்றில் போட்டாள். "கல்யாணம் முடியிற வரைக்கும் வேட்டுப் போடக் கூடாதுன்னு அம்மனுக்கு நேந்திருக்கோம்" என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினாள். சாமி பெயரைச் சொன்னதும் அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டி சத்தமில்லாமல் போய் இறங்கியது. வழக்கப்படி அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, அய்யா, ஆத்தா, நான், சொந்தக்காரர்கள் சிலர் போயிருந்தோம்.

வீட்டுக்கு முன்னால் களத்தில் பாய் விரித்திருந்தார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மொச்சைக்கொட்டைக் குழம்பு கொதிக்கிற மணம். எனக்கு நல்ல பசி. சடையாண்டி மாமாவும் அய்யாவும் எதிரெதிரே உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்ளக் கையை நீட்டினார்கள்.

மனுஷர்களுக்கெல்லாம் ஆத்தா சொல்லி வைத்திருந்தாள். யானைக்கு யார் போய்ச் சொல்வது?

அது மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைக்குள் வந்துவிட்டது. காவலுக்கு இருந்தவர்கள் வழக்கம்போல அதை விரட்ட வேட்டு வைத்துவிட்டார்கள்.

நிலம் அதிர்ந்தது. தட்டு ஒரு பக்கம் பறந்தது, பாக்கு ஒரு பக்கம் சிதறியது. கண்ணைத் திறந்து பார்த்தால் சடையாண்டி மாமா களத்து மண்ணில் குப்புறக் கிடக்கிறார். அவர்மேல் முழுசாக மூடிக்கொண்டு அய்யா. பட்டாளத்துப் பாஷையில் என்னவோ கத்துகிறார். மாமா தலையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து இரண்டாவது வேட்டு. அய்யா அவர் தலையைப் பிடித்து மறுபடியும் மண்ணில் அமுக்கினார்.

முதலில் வாய் திறந்தது மாமாவின் தம்பி. "யோவ், சம்பந்தி மேலயே கைய வைக்கிறியா? கிறுக்கன் வீட்டுலயா பொண்ணெடுக்கப் போறோம்? வண்டியக் கட்டச் சொல்லுங்கப்பா, கெளம்பட்டும்!" என்று குதித்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்காவின் கல்யாணம் அந்த மண்ணில் வெற்றிலையோடு சேர்ந்து கிடந்தது.

ஆத்தா எழுந்தாள். ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த பாய்களுக்கு நடுவே நடந்து போய், மண்ணில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அய்யாவின் காதுகளைப் பொத்தினாள். நாலு பேர் பார்க்க அவள் அய்யாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணுமில்ல. நம்ம சனங்கிட்டத்தான் இருக்கோம். வேலு இந்தா நிக்கிறா. நான் இருக்கேன்" என்றாள்.

வேலு நான்தான். அய்யா என்னைப் பார்த்தார். மெல்ல விலகி உட்கார்ந்தார். மாமாவின் முகத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

ஆத்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நேத்திக்கடன்னு சொன்னது பொய்யி. சண்டைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இவுகளுக்கு வெடிச்சத்தம் ஆகாது. மறைச்சது நாந்தான். எம்மக மேல தப்பில்ல."

மாமா மண்ணைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"சம்பந்தி, பயந்தவன் எந்திரிச்சு ஓடுவான். நீங்க எதுக்கு எம்மேல வந்து விழுந்தீக?"

அய்யா களத்து மண்ணை விரலால் கீறினார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பர்மாவுல ஒரு நா இப்பிடித்தான் எம் பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்திருந்தான். ரெண்டு பேரும் சாப்புட்டுக்கிட்டு இருந்தோம். சத்தம் கேட்டதும் நான் படுத்துட்டேன். அவனத் தள்ளணும்னு தோணல. நான் எந்திரிச்சேன், அவன் எந்திரிக்கல. அதுல இருந்து பக்கத்துல யாரு இருந்தாலும் கை தானாப் போயிருது. மன்னிச்சுக்கங்க."

இது ஆத்தாவுக்கே புதுசு. இத்தனை வருஷமும் பயம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். பயத்தைத்தான் ஊருக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் அய்யாவையே பார்த்தபடி இருந்தாள்.

சடையாண்டி மாமா தம்பி பக்கம் திரும்பினார். "ஏண்டா, போன வருசம் வாழத்தோட்டத்துல யான என்னைய வெரட்டுச்சே. கூடப்பொறந்தவன், நீ என்ன செஞ்ச?"

தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சொல்லுடா."

"புளியமரத்துல ஏறுனேன்."

"என்னைய ஏத்திவிட்டுட்டா ஏறுன?"

எங்கிருந்தோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. "இந்த மனுசன் இன்னும் வெத்தல மாத்தல. எங்க வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. அதுக்குள்ள எனக்கு வர்ற சாவு தனக்கு வரட்டும்னு மேல விழுந்திருக்காரு. இதவிட நல்ல எடம் எங்கடா கெடைக்கும்? வெத்தலையப் பொறுக்குங்கப்பா. எலையப் போடுங்க, சம்பந்தி கை நனைக்கட்டும்."

பொறுக்கினார்கள். மண் ஒட்டிய வெற்றிலையைத்தான் மாற்றிக்கொண்டார்கள். இலையில் உட்காருமுன் மாமாவே செம்பை எடுத்து அய்யாவின் கையில் தண்ணீர் ஊற்றினார். அந்த மொச்சைக்கொட்டைக் குழம்பை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணமும் மேளச்சத்தத்தோடு மட்டும் நடந்து முடிந்தது. ஆனால் உறவுக்காரர்கள் வாயை யார் கட்டுவது? களத்தில் நடந்தது தேவாரத்திலிருந்து போடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாமாவின் தம்பிக்குப் புளியமரத்துக் கோபம் ஆறவில்லை என்றும், "மாப்பிள்ளைய அட்டைக்கடிக்கு அனுப்பவா பொண்ணெடுத்தோம்" என்று அவர் தடுக்கிறார் என்றும் காதில் விழுந்தது. அதனால்தான் ஆத்தா அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வாழைத்தார்

தோட்டத்தில் ஆளரவமே இல்லை. ஆட்கள் தங்குகிற வரிசை வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. அய்யா ஸ்டோரில் அடுப்பைக் கவனிக்கப் போனார். ஆத்தா மாவாட்ட உட்கார்ந்தாள். எங்கள் மூன்று பேருக்கு அவ்வளவு மாவு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பட்டாளத்தாரே! ஒங்க மலை அட்டைக்கு என்னைய ரொம்பப் புடிச்சுப்போச்சய்யா!"

சடையாண்டி மாமா! வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க, காலெல்லாம் ரத்தமாக வந்தார். பின்னால் கல்யாணப் புடவையில் அக்கா. அவள் பக்கத்தில் முருகேசன் மச்சான். கடைசியில் தலையில் ஒரு வாழைத்தாரோடு மாமாவின் தம்பி.

"வாரம்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே ஆத்தா மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"வர்றவன் எதுக்குத் தாயி ஆள் அனுப்பணும்? வராதவன்தான் அனுப்பணும்" என்றார் மாமா.

தம்பி வாழைத்தாரை இறக்கி வைத்தார். அய்யாவின் முகத்தைப் பார்க்காமல், "யான தின்னது போக மிச்சம்" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அய்யா அவர் கையைப் பிடித்து அடுப்போரம் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

சடையாண்டி மாமா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தபோது அவருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாயில் மண்ணோடு அவர் அன்றைக்கு வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் குடும்பம் என்னவாகியிருக்கும் என்று இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். அவர் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

மறுநாள் விடிகிற நேரம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லாரும் பாறை விளிம்பில் வந்து உட்கார்ந்தோம். பனி விலகியிருந்தது. கீழே போடி தெரிந்தது. ஊர் முழுக்கப் பொறிப்பொறியாக வெளிச்சம் வெடித்தது, ஒரு சத்தமும் எங்கள்வரை வரவில்லை. வருஷா வருஷம் அய்யா பார்க்கிற தீபாவளி அதுதான்.

முருகேசன் மச்சான் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கம்பி மத்தாப்பு. "சத்தம் வருதான்னு கடையிலயே ஒண்ணக் கொளுத்திப் பாத்துட்டுத்தான் வாங்குனேன் மாமா" என்று தயங்கித் தயங்கி அய்யாவிடம் நீட்டினார்.

ஆத்தா பாதி எழுந்துவிட்டாள். சத்தம் இல்லாவிட்டால் என்ன, வெடிமருந்து வாடை இருக்கிறதே. அய்யா அந்தக் கம்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சடையாண்டி மாமா எழுந்து வந்து அய்யாவோடு தோளும் தோளும் இடிக்க நெருக்கி உட்கார்ந்தார். "கொளுத்துங்க சம்பந்தி. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கிறேன். தள்ளணும்னு தோணுனா தோதா இருக்கும்."

அய்யா சிரித்தார். குளிர்காயச் சட்டியில் கொண்டுவந்திருந்த அடுப்புக் கங்கில் கம்பியை வைத்தார். அது சீறிப் பிடித்து, வெள்ளையாகப் பூத்துக் கொட்டியது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. கடைசிப் பொறிவரை பார்த்துவிட்டு, கருத்த கம்பியைப் பத்திரமாகப் பாறையில் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கா மாப்ளே?" என்று கேட்டார்.